மூன்று மாதத்தில் விலகிப் போகும் பிள்ளைகள்: ஆள் எடுப்பதிலும் ஆளாக்குவதிலும் நாம் விடும் பிழைகள்

"சேர், நல்ல பொடியன் ஒருத்தன் இருந்தா தாங்க. நம்பிக்கையான ஆளா இருக்கணும்."

எமது ஊரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், அஸர் தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் இப்படிக் கேட்டார். ஒரே வருடத்தில் இது மூன்றாவது தடவை. முதலில் அனுப்பிய மாணவன் மூன்று மாதம் நின்றான். இரண்டாமவன் ஐந்து வாரம். "இந்தக் காலத்துப் பொடியன்மாருக்குப் பொறுமை இல்ல சேர்" என்று ஹாஜியார் தானே காரணத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு, முதலாவதாகப் போன பிள்ளையைச் சந்தியில் கண்டேன். கட்டார் விசாவுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னான். கடையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "என்ன வேலை, எப்படிச் செய்யிற என்று ஒருத்தரும் சொல்லித் தரல்ல சேர். பிழை விட்டா மட்டும் கஸ்டமருக்கு முன்னால ஏசுவாங்க. எனக்கு அந்த வேலை சரிவராது என்று நானே நினச்சிட்டன்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் எமது பாடசாலையில் படித்த பிள்ளை. விஞ்ஞான கண்காட்சியில் மின்சுற்று ஒன்றைத் தானே அமைத்துக் காட்டியவன். மூன்று மாதத்தில் "எனக்குச் சரிவராது" என்ற முடிவுக்கு வந்திருக்கிறான். இப்படியான பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக இந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். பொருளாதார நெருக்கடிதான் பிரதான காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்காக மட்டுமே எல்லோரும் போகிறார்கள் என்று சொல்லி எமது கடைகளும் கம்பனிகளும் பாடசாலைகளும் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் வியாபாரி அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த கல்வி உளவியலும், இருபது வருட வகுப்பறை அனுபவமும்தான் என் கையிலுள்ள முதல். இருந்தாலும், ஒரு பிள்ளைக்குக் கணக்கு பழக்குவதற்கும் ஒரு பொடியனுக்கு வேலை பழக்குவதற்கும் இடையில் பெரிய தூரம் இல்லை என்ற துணிச்சலில் இதை எழுதுகிறேன்.

"யார்ட மகன்?"

எமது கடைகளில் நடக்கும் நேர்முகப் பரீட்சையை எல்லோரும் அறிவோம். எந்த ஊர், யார்ட மகன், சாதாரண தரத்தில் எத்தனை பாடம், முன்பு எங்கே வேலை செய்தாய். பத்து நிமிடம். தேநீர் ஆறுவதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிடும். பெரும்பாலும் கதவால் உள்ளே வரும்போதே எடுக்கப்பட்ட முடிவுதான் அது.

இந்தக் கேள்விகள் எந்தளவுக்குப் பயன் தருகின்றன? பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள், ஆட்களைத் தெரிவு செய்யும் முறைகள் பற்றி 85 வருடங்களில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் எத்தனை வருடம் படித்தார், எத்தனை வருட அனுபவம் என்பவற்றை வைத்து அவர் நன்றாக வேலை செய்வாரா என்று சொல்வது கடினம் என்பது அதில் தெரிந்தது. அதே வேலையின் ஒரு சிறு பகுதியைச் செய்து காட்டச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டுப் புள்ளியிடுவதும் அவற்றைவிட மிக நன்றாகப் பயன்பட்டன. 2022இல் போல் சக்கெட் என்பவரும் அவரது குழுவினரும் அந்தக் கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள். பல முறைகளின் மதிப்பு குறைந்தது. ஆனால் ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகம் முன்னணியிலேயே நின்றது.

இதைக் கேட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. கொழும்பிலிருந்து நிபுணர் வரவேண்டியதுமில்லை. ஹாஜியாரிடம் நான் சொன்னது இதுதான்: ஒரு பெட்டியில் அரை அங்குல, முக்கால் அங்குல குழாய்ச் சாமான்களைக் கலந்து போடுங்கள். எல்போ, டீ, சொக்கட் எல்லாம் இருக்கட்டும். ஒரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டுப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். முழுவதையும் சரியாகப் பிரிக்கிறானா என்று பார்க்க வேண்டாம். தெரியாத சாமான் கையில் வந்ததும் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கேட்கிறானா, ஓரமாக வைக்கிறானா, ஏதோ ஒரு குவியலில் போட்டுவிட்டு முடித்துவிட்டேன் என்கிறானா? பத்து நிமிடப் பேச்சில் தெரியாதது அதில் தெரியும். (அரை நாள் செய்யவைத்தால் அரை நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். "ட்ரையல் பார்க்கிறோம்" என்று ஒரு கிழமை சும்மா வேலை வாங்கும் கடைகளையும் நான் அறிவேன்.)

கேள்விகளும் மாற வேண்டும். "கோபக்கார கஸ்டமர் வந்தா என்ன செய்வ?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "பொறுமையாக் கதைப்பன்" என்றுதான் சொல்லும். "உன்னோடு யாராவது கோபமாகக் கதைத்த ஒரு நேரத்தைச் சொல், நீ அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்டால் உண்மை வரும். பாடசாலை விட்டு இப்போதுதான் வந்த பிள்ளைக்கு என்ன அனுபவம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ரமழானில் கஞ்சி பகிர்ந்தபோது வரிசையில் நடந்த சண்டை, விளையாட்டுக் கழகத்தின் காசுக்கணக்கு, வாப்பாவுடன் வயலுக்குப் போனது, சுகமில்லாத உம்மாவைப் பார்த்துக்கொண்டது எல்லாமே அனுபவம்தான். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

தெரிந்தவர்கள் மூலம் ஆள் எடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. களவு, பொய் பற்றிய பயம் குறைகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. வாப்பா இல்லாத பிள்ளைக்கு, வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு யார் சிபாரிசு செய்வார்? என் வகுப்பில் நான் கண்ட கெட்டிக்காரர்களில் சிலர் ஊரில் யாருக்கும் தெரியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

சூறா அல்கஸஸில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு ஒரு பெண் தன் தந்தைக்கு ஆலோசனை கூறும் இடத்தை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். அங்கே இரண்டு தகைமைகள் பேசப்படுகின்றன. ஒன்று நம்பகத்தன்மை, மற்றது வேலைக்குரிய வலிமை. எம்மவர்கள் முதலாவதை விசாரிக்க ஊர் முழுக்கப் போகிறார்கள். இரண்டாவதைப் பார்க்க ஐந்து நிமிடம் செலவழிப்பதில்லை. வயதை வைத்து ஆளை எடைபோடுவதும் அப்படித்தான். உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்கள் இருபது வயதைத் தொடுமுன்பே படைத் தளபதியாக நியமிக்கப்பட்டார்கள். மூத்த ஸஹாபாக்கள் அந்தப் படையில் இருந்தார்கள். சிலர் குறைகூறியபோதும் நபி (ஸல்) அவர்கள் அந்த நியமனத்தை மாற்றவில்லை.

முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுதல்

வேலைக்கு எடுக்கும்போது நல்லதை மட்டும் சொல்வது எமது வழக்கம். பிறகு நோன்புப் பெருநாளுக்கு முந்திய பத்து நாளும் நள்ளிரவு தாண்டியும் புடைவைக்கடை திறந்திருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரியவரும். வேலையின் கஷ்டங்களையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இடைநடுவில் விலகுவோர் தொகை குறையும் என்று 1970களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன், "லொறி வரும் நாளில் சீமெந்து இறக்க வேண்டி வரும், மாதத்தில் நாலைந்து தடவை" என்று முதலிலேயே கேட்டவனுக்கு அது வேலை. கேட்காதவனுக்கு அது ஏமாற்று.

எழுத்தில் கொடுப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எமது கடைகளுக்கும் உரியதுதான். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேல் என்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து 3 வீதம். இவற்றைக் கட்டாமல் "எங்கட பொடியன்தானே, குடும்பம் மாதிரி" என்று வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, அந்தப் பொடியன் நாற்பது வயதில் வெறுங்கையோடு வீடு போனதை எமது ஊர்களில் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்! தன்னுடைய பெயர் ஒரு புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிள்ளை வேறு விதமாக நிமிர்ந்து நிற்கும்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

மேடைகளில் தன்னம்பிக்கை பற்றி நிறையப் பேசப்படுகிறது. "உன்னால் முடியும்" என்று கைதட்டவைத்து அனுப்பினால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்றால், எமது ஊர்களில் நடந்த கருத்தரங்குகளின் தொகைக்கு நாம் இந்நேரம் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத் தெளிவாக எழுதினார். "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற எண்ணம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது என்பது அவரது விளக்கம். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, நம்பத்தக்க ஒருவரின் வார்த்தை, அந்த நேரத்தில் தன் உடலும் மனமும் இருக்கும் நிலை. இதில் மிகப் பலமானது முதலாவதுதான். மேடைப் பேச்சு மூன்றாவதில் ஒரு சிறு பகுதி.

கலாசாலையில் கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏழாம் ஆண்டு வகுப்பு. விரிவுரையாளர் கடைசி வாங்கில் கொப்பியோடு அமர்ந்திருக்கிறார். பதினைந்தாவது நிமிடத்தில் எனக்குப் பாடம் மறந்துபோனது. கரும்பலகையில் எழுதியதையே திரும்ப எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எழுந்து வந்து வகுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. மணி அடித்த பிறகு மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். "தொடக்கம் நல்லா இருந்தது. நாளைக்கு வேற ஒண்டையும் பார்க்கமாட்டன். பலகையை மூன்றாப் பிரிச்சு எழுதுறீங்களா என்று மட்டும் பார்ப்பன்" என்றார். மறுநாள் நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு விடயம். அதைச் செய்தேன். அதற்கடுத்த நாள் இன்னொன்று. மூன்றாம் கிழமை அவர் வந்து உட்கார்ந்திருந்ததையே நான் கவனிக்கவில்லை.

அவர் எனக்கு எந்த ஊக்க வார்த்தையும் சொல்லவில்லை என்பதை இப்போது யோசிக்கும்போது விளங்குகிறது. என்னால் வெல்லக்கூடிய அளவுக்கு வேலையைச் சிறிதாக்கித் தந்தார். அவ்வளவுதான்.

கடையிலும் இதைச் செய்யலாம். முதல் கிழமை சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மட்டும். பிறகு ஒரு றாக்கை அவன் பொறுப்பில் விடுவது. அந்த றாக்கில் என்ன முடிந்துபோகிறது என்று அவன்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் கேட்கப்படாது. அதன் பின்னர் பக்கத்தில் ஒருவர் நிற்க பில் போடுவது. தனியே கஸ்டமரோடு விடுவது அதற்குப் பிறகு. நடைமுறையில் நடப்பது தலைகீழ். கூட்டமான நாளில் புதிய பொடியனைக் கவுண்டருக்குத் தள்ளிவிட்டு, தடுமாறினால் ஏசுகிறோம்.

கொழும்புக்குப் போகும் எமது பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. கிழக்கிலிருந்து புறக்கோட்டைக்கு, கெய்சர் வீதிப் புடைவைக்கடைகளுக்குப் போகும் பொடியனுக்குச் சிங்களம் பேச வராது. "கீயத?" என்று கேட்டவருக்கு விலை சொல்லத் தெரியாமல் நிற்கும் அந்த மௌனத்தை மந்தம் என்று முதலாளி நினைக்கிறார். நாளடைவில் பிள்ளையும் அதையே நம்பிவிடுகிறது. ஒரு முதலாளி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். கடையில் அடிக்கடி தேவைப்படும் முப்பது சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு சிறிய கொப்பி. புதிதாக வருபவர் இரண்டு கிழமைக்குள் அதைப் பாடமாக்கிவிட வேண்டும். அங்கே நின்ற என் பழைய மாணவன் ஒருவன் இன்று சிங்களத்தில் பேரம் பேசுவதைக் கேட்டு நானே வாயடைத்துப்போனேன். பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடத்தில் நாங்கள் வருடக்கணக்காகச் செய்யாததை ஒரு கொப்பி செய்திருக்கிறது. இது எங்கள் பக்கத்துக் குறை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏச்சு

ஏசினால்தான் வேலை படியும் என்று நம்புகிறவர்கள் எம்மில் அதிகம். "நாங்க எல்லாம் ஏச்சு வாங்கித்தான் வளந்த" என்பார்கள். அவர்களோடு நின்று, ஏச்சைத் தாங்க முடியாமல் தொழிலையே விட்டுப்போனவர்கள் இன்று இதைச் சொல்வதற்கு அங்கே இல்லை.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. தேடிப் பார்த்ததில் விடயம் விளங்கியது. அங்கே பிழைகள் கூட நடக்கவில்லை, கூடச் சொல்லப்பட்டன. மற்ற விடுதிகளில் பயத்தினால் மறைக்கப்பட்டன.

புடைவைக்கடையில் பொடியன் ஒருவன் துணியைப் பத்து சென்றிமீற்றர் குறைய வெட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் இல்லாத கடையில் அவன் உடனே வந்து சொல்வான். நட்டம் அந்தத் துண்டோடு போகும். ஏச்சுக்குப் பயந்த கடையில் சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவான். அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்பார். பிறகு அவரும் வரமாட்டார், அவர் குடும்பத்தில் யாரும் வரமாட்டார்கள். பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனது விரிவுரையாளர் திருத்தினார், மாமரத்தடியில்.

"பொறுமை இல்ல" என்பது

விழுந்த பின் எழும்பும் திறனைப் பற்றிப் பேசும்போது அதைப் பிள்ளையின் குணம் என்றே எடுத்துக்கொள்கிறோம். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று. ஹவாயிலுள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் பல தசாப்தங்கள் தொடர்ந்து அவதானித்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் போன்ற கஷ்டங்களுக்குள் வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திறமையான, நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் காணப்பட்ட முக்கியமான ஒரு விடயம், வாழ்க்கையில் உறுதியாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. சிலருக்கு அது பாட்டி, சிலருக்கு ஓர் ஆசிரியர்.

ஒரு கடையில் அந்த இடத்தை யார் எடுப்பது? முதலாளியால் முடியாது, அவருக்கு நூறு வேலை. பழைய ஊழியர் ஒருவரை "இந்தத் தம்பி உங்கட பொறுப்பு நானா" என்று பெயர் சொல்லி நியமித்து, அதற்காக மாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்தால், புதியவனுக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைக்கும். மற்றபடி, சம்பளம் பிந்தும் இடத்தில், ஜும்ஆவுக்குப் போகவே முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், "பொறுமையாக இரு" என்று பிள்ளைக்கு உபதேசம் செய்வது நியாயமில்லை. அங்கே விலகிப் போவதுதான் அந்தப் பிள்ளையின் புத்தி.

பிள்ளைகள் பக்கமும் சொல்ல இருக்கிறது. சொல்லாமல் லீவு போடுவது, கஸ்டமர் நிற்கும்போது போனைப் பார்ப்பது, இரண்டாம் நாளே சம்பள உயர்வு கேட்பது எல்லாம் நான் கேட்ட முறைப்பாடுகள், பொய்யும் அல்ல. ஆனால் இவர்களை இப்படி அனுப்பியதில் எங்களுக்கும் பங்குண்டு. உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் பல்கலைக்கழகம் கிடைத்தவர்களின் படத்தைப் பதாகையில் அடித்துத் தொங்கவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் அந்தப் பதாகைக்குக் கீழால் நடந்துபோய்த்தான் வேலை தேடுகின்றன. கடை வேலைக்குப் போவது தோற்றவர்களின் வேலை என்ற எண்ணத்தை விதைத்தவர்கள் நாங்கள்.

கடையில் நாலைந்து வருடம் நின்ற பிள்ளைக்குக் கையில் தொழில் இருக்கும், சான்றிதழ் இருக்காது. தேசிய தொழிற் தகைமை என்று 7 மட்டங்கள் கொண்ட ஒரு முறை இந்நாட்டில் இருப்பதும், சில தொழில்களில் வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைப் பெறலாம் என்பதும் எமது பெற்றோரில் பலருக்குத் தெரியாது. மின்னிணைப்பு, குழாய் பொருத்துதல், வெல்டிங், தையல், வெதுப்பகம் போன்றவற்றில் இருப்பவர்கள் பக்கத்திலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் விசாரிக்கலாம். கட்டாருக்குப் போவதென்றாலும் அந்தத் தாள் கையில் இருந்தால் போகும் வேலை வேறு, சம்பளம் வேறு.

ஹாஜியார் நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டார். கேள்விகளை ஒரு தாளில் எழுதினார், பெட்டியில் சாமான்களைக் கலந்தார். நான்கு பேர் வந்தார்கள். அவர் முதலில் மனதில் வைத்திருந்தவர் அவரது உறவுக்காரப் பையன். பெட்டியைப் பிரிப்பதில் அவன் மூன்றாமிடம். எடுக்கப்பட்டவன் பக்கத்து ஊர்ப் பிள்ளை, உயர்தரத்தில் ஒரு பாடம்தான் சித்தி. தெரியாத சாமான்களைத் தனியே ஒரு தட்டில் வைத்துவிட்டு "இது ஐந்தும் எனக்கு விளங்கல்ல, காட்டித் தருவீங்களா" என்று கேட்டானாம். இப்போது ஐந்து மாதம். போன மாதம் ஒரு பில்லில் இரண்டாயிரத்துச் சொச்சம் குறையப் போட்டுவிட்டு, கடை பூட்டுமுன் தானே வந்து சொல்லியிருக்கிறான். ஹாஜியார் ஏசினாரா என்று நான் கேட்கவில்லை. பொடியன் மறுநாளும் வேலைக்கு வந்திருந்தான்.

போன வெள்ளிக்கிழமை அதே முற்றத்தில் மீண்டும் பிடித்துக்கொண்டார். இம்முறை கணக்கு வேலைக்குப் பெண் பிள்ளை ஒன்று வேண்டுமாம். வர்த்தகப் பிரிவில் படித்த ஒரு மாணவியின் வீட்டில் பேசினேன். திறமையான பிள்ளை. அவளுடைய வாப்பா சம்பளத்தைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வீடு வருவாள், தொழுவதற்கு இடம் இருக்கிறதா, உள்ளே வேறு யார் இருப்பார்கள் என்று கேட்டார். ஹாஜியார் "அதெல்லாம் பிரச்சினை இல்ல சேர், ஐந்தரைக்கு அனுப்பிடலாம்" என்றார். அப்படியென்றால் ஐந்தரை என்று நியமனக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.